கஞ்சி போட்ட பாய்

எங்கள் தெருவில் கஞ்சி போடாத துணியைத் துணி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற நெசவாளர் தெரு அது. வீட்டுக்கு இரண்டு விசைத்தறி, விடிந்ததிலிருந்து அடங்கும் வரை டகடகவென்று ஓடிக்கொண்டிருக்கும். தறிக்குப் போகிற நூலுக்குக் கஞ்சி, தறியிலிருந்து இறங்கின லுங்கிக்குக் கஞ்சி, கட்டிக்கொள்கிற வேட்டிக்கும் புடவைக்கும் கஞ்சி. தலையணை உறையைக்கூட விட மாட்டார்கள்; காலையில் எழுந்தால் கன்னத்தில் கோடு கோடாக விழுந்திருக்கும். மொடமொடப்பு இல்லாமல் ஒரு துணி வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்று பேச்சு வந்துவிடும். ஆகவே மாமா கொண்டுவந்து போட்ட படகுப் பாய்க்கு அக்கா கஞ்சி போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. போடாமல் இருந்திருந்தால்தான் தெரு கேள்வி கேட்டிருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் தறியை விட்டுக் கடலுக்குப் போன ஒரே ஆள். சென்னையில் காசிமேட்டுப் பக்கம் லுங்கி விற்கப் போனவர், லுங்கி விற்றுத் தீர்ந்த பிறகும் திரும்பி வரவில்லை. அங்கே ஒரு டாக்டரின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்துவிட்டார். மரத்தால் செய்த பழைய படகு அது. இன்ஜினும் உண்டு, ஆனால் துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியே வரவும்தான் அதைப் போடுவார்கள். மற்றபடி எல்லாம் காற்றின் தயவு. டாக்டருக்கு நைலான் பாய் ஆகாது. பருத்தியில் தைத்த பாய்தான் கட்ட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பாயில் ஒரு தையல் விட்டுப் போனபோதுதான் மாமா அதை மூட்டையாகக் கட்டி, புறநகர் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏற்றி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஜில்லாவிலேயே அக்கா மாதிரி தைக்க ஆள் கிடையாது என்று காரணம் சொன்னார். சென்னையில் தையல்காரர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவை மாமாவுக்குக் கொடுப்பது என்று அவள் பிறந்தபோதே பேச்சு. இதில் ஊரும் உறவும் ஒரு கட்சி, நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா தனிக் கட்சி.

“தண்ணி மேல பொழைக்கிறவனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு, தெனம் டிவியில புயல் சேதி பாத்துகினு ஒக்கார என்னால முடியாது” என்று நைனா தறிச் சத்தத்துக்கும் மேலே கத்துவார். அவர் கோபத்தில் கத்துகிறாரா, தறிக்காகக் கத்துகிறாரா என்று எங்களுக்கே சில சமயம் தெரியாது.

அம்மா விடவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை பேச்சை எடுத்தாள். கடைசியில் நைனா ஓர் அடி இறங்கி வந்தார். “சாரங்கு ஆவட்டும். அப்பால பாக்கலாம்” என்றார். சாரங்கு என்றால் படகு முழுக்க அவர் பொறுப்பு; எப்போது கிளம்புவது, எங்கே நங்கூரம் போடுவது எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர்கள் சொன்னதைச் செய்கிற ஆட்கள். மாமா அப்போது சொன்னதைச் செய்கிற ஆளாகத்தான் இருந்தார்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் படகு கொச்சிக்குப் போவதாக இருந்தது. வழக்கமாக டாக்டரே கூட வருவார். இந்த முறை அவருக்கு ஆஸ்பத்திரி வேலை. நாகப்பட்டினம் வரை நீ தனியாகக் கொண்டு வா, நான் அங்கே வந்து பார்க்கிறேன், எல்லாம் சரியாக இருந்தால் அங்கிருந்து கொச்சி வரைக்கும் நீயே சாரங்கு என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா இதை ஃபோனில் சொன்னபோது அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டாள். உடனே நைனாவிடம் போய், “நீங்களும் கூடப் போய்ட்டு வாங்களேன். அவன் வேலை இன்னான்னு கண்ணால பாத்துட்டு அப்பால பேசுங்க” என்றாள். நைனாவுக்கு மறுக்கவும் முடியவில்லை, போகவும் பயம். குழந்தைக்குக் கடல் காட்ட வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று.

பாயை எடுத்துப்போக மாமா வந்த அன்று தெரு முழுக்க அது விரிந்து கிடந்தது. தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற மாதிரியே முளை அடித்து இழுத்துக் கட்டி, அக்கா இரண்டு தடவை கஞ்சி போட்டிருந்தாள். நைனா விரலால் தட்டிப் பார்த்து, “பதம் சரியா கீது” என்று சொல்லியிருந்தார். அதை விடப் பெரிய பாராட்டு எங்கள் தெருவில் கிடையாது. மாமா பாயின் ஓரத்தை மடித்துப் பார்த்தார். அது அப்பளம் மாதிரி சத்தம் போட்டது. மடிப்பைத் திரும்பவும் நீவிவிட்டார்.

“யாரு கஞ்சி போட்டது?” என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் இருந்து அக்கா, “நான்தான் மாமா. பத்தலியா?” என்றாள்.

“பத்தும் பத்தும். இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா பாய் தானா நடந்து ஸ்டேஷனுக்கே போயிருக்கும்” என்று மாமா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கல்யாண வயசில் இருக்கிற பெண் அந்தப் படகில் ஏற முடியுமா? அவளுக்குப் பதில் நான் ஏறினேன்.

நைனா ஒரு பையில் மாற்று வேட்டி, முறுக்கு, புளிசாதம், குடும்ப அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டார். கடலில் குடும்ப அட்டை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, எங்கே போனாலும் அரசாங்கம் இருக்கும் என்றார். அது உண்மையாகவே ஆயிற்று. கடலோரக் காவல் படகு ஒன்று பக்கத்தில் வந்து விசாரித்தபோது நைனா அட்டையைப் பிரித்து எங்கள் வீட்டில் இருக்கிற பெயர்களை எல்லாம் வரிசையாகப் படித்துக் காட்டினார். அவர்கள் அக்கா பெயர் வருவதற்குள்ளேயே போய்விட்டார்கள்.

நாங்கள் கிளம்பியது விடிவதற்கு முன்னால். துறைமுகத்துக் கல் சுவரைத் தாண்டியதும் மாமா பாயை ஏற்றினார். அது படபடவென்று வெடித்துக்கொண்டு விரிந்தது. காய்ந்த கஞ்சி தவிடு மாதிரி எங்கள் தலையில் கொட்டியது. பிறகு காற்று அதைப் பிடித்துக்கொள்ள, மாமா இன்ஜினை நிறுத்தினார்.

அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? நான் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவள். தொட்டிலில் தூங்கினதும் அந்தச் சத்தத்தில்தான், வாய்ப்பாடு படித்ததும் அந்தச் சத்தத்தில்தான். தறி நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம், அப்போதும் பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் ஓடும். இங்கே திடீரென்று ஒன்றுமே இல்லை. படகின் வயிற்றில் தண்ணீர் சளசளவென்று உரசிக்கொண்டு போகிறது, கயிறு எங்கோ மெல்ல முனகுகிறது, அவ்வளவுதான். யாரும் தள்ளவில்லை, எதுவும் எரியவில்லை, ஆனால் இவ்வளவு பெரிய படகு போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் அது அழுகை இல்லை.

“டேய்! இன்ஜின் நின்னு போச்சுடா!” என்று நைனா கத்தினார்.

“நான்தான் நிறுத்தினேன் பாவா. மெதுவாவே பேசுங்க, இங்க தறி ஓடல” என்றார் மாமா.

நைனா அதற்கப்புறம் வெகுநேரம் பேசவே இல்லை. மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கம் கிடையாது. கிழக்கே வெளுத்து, தண்ணீரிலிருந்து சூரியன் சிவப்பாக, சொட்டச் சொட்ட ஏறி வந்தபோது அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், படகு ஆடியதில் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே கையைத் தலைக்கு மேல் குவித்தார். “முருகா” என்றார். கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறுகிறவர் அவர். ஆனால் மலை மேல் அந்தப் பெயரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊர் எந்தப் பக்கம் என்று மாமாவிடம் கேட்டார். மாமா மேற்கே, கரைக்கும் பின்னால், எதுவுமே தெரியாத ஓர் இடத்தைக் காட்டினார். நைனா அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு கும்பிடு போட்டார்.

மாமாவையும் அங்கேதான் நான் முதல் முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிற மாமா எல்லாரையும் கேலி பண்ணிக்கொண்டு, காபியை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, தறிக்குக் குறுக்கே நின்று நைனாவிடம் திட்டு வாங்குகிற ஆள். படகில் இருந்தவர் வேறே ஒருவர். கன்னத்தில் காற்று பட்டதை வைத்தே கயிற்றைக் கொஞ்சம் இழுப்பார், கொஞ்சம் விடுவார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இங்கே ஆழம், இங்கே மணல் என்பார். வாடைக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போகிற பருவம் அது, அதோடு சண்டை போடக்கூடாது, கூடப் போகத் தெரிந்தால் போதும் என்று எனக்குச் சொன்னார். நைனா காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, சுக்கானை நான் கொஞ்சம் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டது அவர்தான்.

மகாபலிபுரத்தில் முதல் நங்கூரம். பள்ளிச் சுற்றுலாவில் நான் அங்கே இருக்கிற கடற்கரைக் கோயிலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்திருக்கிறேன். கடலிலிருந்து பார்த்தபோதுதான் அது யாருக்காகக் கட்டினது என்று தெரிந்த மாதிரி இருந்தது. அத்தனை தூரத்தில் அத்தனை சின்னதாக, கறுப்பாக, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் போனதும் குன்றின் மேலிருந்த கலங்கரை விளக்கம் சுற்ற ஆரம்பித்தது. படகு அலையில் உருண்டு உருண்டு கொடுத்தது. நைனாவுக்குப் புளிசாதம் உள்ளே நிற்கவில்லை. மாமா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார், எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எங்கள் வீட்டில் அவர் இருந்த இருப்புக்கு அது பெரிய அதிசயம்.

அங்கிருந்து புதுச்சேரி போகிற வழியில் ஓங்கில்கள் வந்தன. டால்பின் என்று புத்தகத்தில் இருப்பதைத்தான் மாமா அப்படிச் சொன்னார். படகின் மூக்குக்கு முன்னால் குதித்துக் குதித்து, எங்களுக்கு வழி காட்டுகிறவை மாதிரி போயின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து என்னைப் பார்த்தது. நான் பார்த்ததை அது பார்த்தது என்பதில் எனக்கு இன்று வரை சந்தேகம் இல்லை. மூச்சு விட மறந்து உட்கார்ந்திருந்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டியவற்றில் இதை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் சூரியன், சத்தமில்லாமை, விளக்கு என்று எல்லாமே முதலில் நின்றுகொண்டிருந்தன.

இதற்கிடையில் பாயின் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. கடல் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கஞ்சி இளகியது. வெள்ளையாக ஒரு நீர் சொட்டிக்கொண்டே இருந்தது, கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. புதுச்சேரியில் மடித்து வைத்தபோது மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் பிரித்தால் பழைய சோற்றுப் பானையைத் திறந்த வாசனை. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புப் புள்ளிகள் வேறு. “கடல் காத்து சரியில்ல போல” என்றார் நைனா. “ஆங் பாவா, உப்புக் காத்து” என்றார் மாமா. துறைமுகத்தில் குழாய்த் தண்ணீர் வேண்டிய மட்டும் இருந்தது. அலசிப் போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாமா நைனாவை ஒரு பார்வை பார்த்தார். நைனா அப்போது பக்கத்துப் படகுக்காரரிடம், அது எங்கள் வீட்டுக் கஞ்சி, என் பெரிய பெண் போட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடலூரில் ஆற்று வழியாக உள்ளே போய், மீன்பிடிப் படகுகளின் பக்கத்தில் கட்டினோம். கரை முழுக்கக் கருவாடு. அங்கே எலிகள் கருவாடு தின்று அலுத்துப் போயிருந்தன போலிருக்கிறது.

மறுநாள் காலையில் மாமா பாயை ஏற்றினார். நான் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் மேலே போகப் போக என் மேலும், நைனா மேலும், படகு முழுவதும் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பாய் முழுக்க ஓட்டை. காற்றில் பாய் அசையும்போது அந்தப் பொட்டுகளும் கூடவே ஓடின. நான் கையை நீட்டிப் பிடித்து விளையாடினேன். அவ்வளவு அழகாக இருந்தது. மாமாவும் நைனாவும் ஏன் அப்படிச் சிலையாக நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நைனாதான் முதலில் அசைந்தார். போய் ஓர் ஓட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். எலி கடித்த துணியை அவருக்குத் தெரியாதா? கஞ்சி போட்ட பாவு நூலை உத்தரத்தில் தூக்கிக் கட்டாவிட்டால் காலையில் இப்படித்தான் இருக்கும் என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது.

“கஞ்சிக்கு வந்த எலிடா இது” என்றார், இந்த முறை மெதுவாக. “பாய்க்குக் கஞ்சி ஆவாதுன்னு உனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியாது பாவா” என்றார் மாமா.

“தெரிஞ்சிருந்தா அங்கியே சொல்லியிருப்ப இல்ல?”

“சொல்லாம இருப்பேனா?”

அன்று முழுவதும் அங்கேயே நின்றோம். நைனா தன் மாற்று வேட்டியை எடுத்துக் கிழித்தார். பச்சைக் கரை போட்ட புது வேட்டி. மாமாவிடம் பெரிய ஊசி வாங்கிக்கொண்டு, படகின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டை ஓட்டையாக ஒட்டுப் போட்டார். மாமா மறுபக்கம் உட்கார்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம்தான் நைனா டாக்டர் பேச்சை எடுத்தார். “டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். எங்க வூட்டுல தெரியாம பண்ணிட்டாங்கன்னு. உன் மேல பழி வரக்கூடாது” என்றார். மாமா சரி என்று தலையை ஆட்டினார்.

நாகப்பட்டினம் வரை போன அந்தக் கடைசி ஓட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது. கரை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. சுற்றிலும் ஒரே வட்டம், நடுவில் நாங்கள் மூன்று பேர், தலைக்கு மேல் பச்சைக் கரைத் துண்டுகள் தைத்த பாய். திருத்தணி மலை மேல் நின்றால் எங்கோ ஒரு மூலையில் இன்னொரு மலை தெரியும், ரயில் போவது தெரியும், கண்ணுக்கு இளைப்பாற ஓர் இடம் கிடைக்கும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவும் யாருடையது என்று நைனாவைக் கேட்டேன். அவர் சுக்கானைப் பிடித்திருந்தார். முன்னால், படகின் மூக்கில், காற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, அந்த இடத்தை விட்டுப் போகவே கூடாது என்றும் இருந்தது.

டாக்டர் கரையில் காத்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. நல்ல மனுஷர்தான் என்று இப்போதும் சொல்வேன். படகு கிட்டே வர வர அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்துகொண்டே போனதை நான் பார்த்தேன். ஏறி வந்து பாயைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார். வளர்த்த மாட்டுக்கு அடிபட்ட மாதிரி அதைத் தடவிக்கொடுத்தார். பிறகு கத்தினார். சுற்றி இருந்த மீனவர்கள் எல்லாம் வலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாய்க்குக் கஞ்சி போட்டிருக்கு! எந்த முட்டாள் பண்ணின வேலை இது? சொல்லு. எந்த முட்டாள்?”

நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். வாய் திறந்துவிட்டார்.

“நான்தான் சார்” என்றார் மாமா. “பளிச்சினு இருக்கட்டும்னு நானே கஞ்சி காச்சிப் போட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவே பார்க்க அக்கா போட்ட கஞ்சி! அதுவும் மாமா ஊரிலேயே இல்லாத நாளில்! நான் நைனாவைப் பார்த்தேன். நைனா திறந்த வாயை மூடவில்லை. மாமா டாக்டரைப் பார்த்தபடியே, பின்னால் கையை நீட்டி, நைனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கத்தாமல், ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் குடும்பத்திலேயே ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான், ஆகவே எனக்குப் புரிந்தது. சென்னையிலேயே பழகின மாமாவுக்கும் புரிந்தது. பாய்க்குக் கஞ்சி போடுகிற ஆளை நம்பி இந்தப் படகைக் கொச்சி வரை விட முடியாது. இந்த ஊர் சாரங்கு ஒருவருக்குச் சொல்லி அனுப்புகிறேன். நீ சென்னைக்குப் போய்ப் பழையபடி சொன்ன வேலையைச் செய். இவ்வளவுதான் அவர் சொன்னது. மாமா “சரி சார்” என்றார். பாய்மரத்தை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார்.

கரையில் இறங்கியதும் நைனா கேட்டார்: “இன்னாடா, பையோட வர்றே? படகோட போவலியா?”

“லீவு குடுத்துட்டாரு பாவா.”

“டாக்டர் இன்னா சொன்னாரு, இங்கிலீஷுல?”

“ஒண்ணும் இல்ல. பாயை நல்லா காய வைக்கச் சொன்னாரு.”

நைனா அவரை நின்று பார்த்தார். மீன் கூடைக்காரிகள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். நைனா நகரவில்லை. பிறகு மாமாவின் கையில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “வாங்க மாப்ள, சாப்ட்டுட்டு கெளம்பலாம்” என்றார். அத்தனை நாளும் டேய் என்று கூப்பிட்டவர் திடீரென்று வாங்க போங்க என்று பேசியது எனக்கு விசித்திரமாக இருந்தது. உப்புக் காற்று தலைக்கு ஏறிவிட்டது போல என்று நினைத்தேன். சாப்பாட்டுக் கடையில் மாமாவின் இலையில் மீன் துண்டு தீரத் தீர இன்னொன்று வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமா சென்னையில் இறங்கிக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை சத்தத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எனக்கே ஆச்சரியமாகப் போயிற்று. நைனா கால் கழுவினார். சொம்புத் தண்ணீரைக் கடைசி மடக்கு வரை குடித்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், “மாசியில ஒரு நல்ல நாளா பாரு” என்றார்.

அம்மா அப்படியே நின்றாள். “தம்பி சாரங்கு ஆயிட்டானா?”

“ஆங். ஆயிட்டான்” என்றார் நைனா.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே தறி நின்றது. அக்கா சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அந்த அமைதியில் நான் ஒருத்தி மட்டும் உண்மையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தவித்தேன். மாமா சாரங்கு ஆகவில்லை. அவரை நம்பிப் படகை விட முடியாது என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன். அதைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் நைனா ஏமாந்துபோவார். நன்றாக யோசித்து, அக்கா கழுத்தில் தாலி ஏறும் வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அப்படியே திறக்காமலும் இருந்தேன். ஓங்கிலையும் விளக்கையும் வெயில் பொட்டுகளையும் அக்காவுக்கு ஒன்று விடாமல் சொன்னேன், நாகப்பட்டினத்தை மட்டும் விட்டுவிட்டேன். மேளம் கொட்டியபோது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட நைனாவைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், அன்று டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.